ஊமைக்கோழியின் குரல்

பறவை பார்க்க வருகிறவர்கள் பொதுவாக நல்ல மனிதர்கள். விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். சத்தம் போட மாட்டார்கள். தட்டில் வைத்ததைக் குறை சொல்லாமல் சாப்பிடுவார்கள். தீவு விடுதியில் நான் வழிகாட்டியாக இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஏறக்குறைய எல்லோரையும் நல்லபடியாகப் படகேற்றி ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. எழுதுகிற அம்மாவுக்குக் கை வலிக்காத வேகத்தில் சொல்கிறேன். கூட்டத்துக்குப் பேசிப் பழகியவன், நிறுத்தி நிறுத்தித்தான் பேச வரும்.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவன் இல்லை. விடுதியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். இருந்த வழிகாட்டி லீவில் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் ஏழு விருந்தினர்கள் வந்து நின்றார்கள். மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்தார், கையில் பெட்டி இல்லாமல் நின்றவன் நான் ஒருவன்தான். பைனாகுலரை என் கழுத்தில் மாட்டிவிட்டார். எனக்கு அப்போது காகம் தெரியும், கோழி தெரியும். கொக்குக்கும் நாரைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஒன்று கொஞ்சம் பெரிசு என்பேன்.

முதல் நாளே கிளையில் மாட்டியிருந்த கிழிந்த பை ஒன்றை ஆந்தை என்று சொல்லி, ஏழு பேரையும் பத்து நிமிஷம் மூச்சு விடாமல் நிற்க வைத்தேன். காற்று அடித்ததும் அது பறந்து போனது. பறந்ததால் சந்தேகம் யாருக்கும் வரவில்லை. அன்று ஒன்றைத் தெரிந்துகொண்டேன். தயங்காமல் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பிறகு உண்மையாகவே கற்றுக்கொண்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்தில் உள்ளான் பறவைகளின் வகைகளைக் கால் நிறத்தை வைத்தே பிரித்துச் சொல்லும் அளவுக்கு வந்தேன். ஆனால் என்னை யாருக்கும் தெரியாது. விருந்தினர்கள் ஊருக்குப் போய் அனுப்பும் கடிதங்களில் சமையல்காரரை விசாரிப்பார்கள், விடுதி நாயைப் பேர் சொல்லி விசாரிப்பார்கள்.

எங்கள் தீவுக்கென்றே ஒரு பறவை இருந்தது. கானாங்கோழி இனம். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தால் அடங்கிவிடும். மண் நிறம், பறக்கத் தெரியாது, சதுப்புக் காட்டில் வேர்களுக்கு நடுவே ஓடித் திரியும். சத்தமே போடாது என்பதால் தீவுக்காரர்கள் அதை ஊமைக்கோழி என்றார்கள். அறுபது வருஷமாக யாரும் பார்க்கவில்லை. பறவைகளைப் பற்றிய புத்தகத்தில் அதன் பேருக்கு நேரே 'அற்றுப்போனது' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்தச் சதுப்புக் காட்டை மண் கொட்டி மேடாக்கி, சின்ன விமானங்கள் இறங்க ஓடுதளம் போடப் போவதாகப் பேச்சு வந்தது. அளவுகோலும் சிவப்புக் கொடியுமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். காடு போனால் பறவை போகும், பறவை போனால் விடுதி போகும், விடுதி போனால் நான் மறுபடியும் பெட்டி தூக்க வேண்டும். இதில் எந்தக் கவலை முதலில் வந்தது என்று கேட்காதீர்கள். காடு என்றே எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் எழுத்தில் நன்றாக இருக்கும்.

அந்த வாரம் தீவுப் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அறிவியல் அறையின் சாமான்களெல்லாம் வராந்தாவில் கிடந்தன. ஜாடிக்குள் ஒரு தவளை, தாடை இல்லாத ஒரு மண்டை ஓடு, பக்கத்தில் பலகையில் நின்றபடி ஒரு பஞ்சடைத்த ஊமைக்கோழி. எந்தக் காலத்திலோ ஏதோ மியூசியத்திலிருந்து பள்ளிக்கு அனுப்பியது. ஒரு காலைப்பொழுதுக்கு அதை இரவல் எடுத்தேன். கேட்டு எடுக்கவில்லை, ஆனால் திருப்பி வைத்துவிட்டேன்.

விடுதியில் துணி துவைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு நாணல் புதர் உண்டு. பலகையைச் சேற்றில் புதைத்து, பறவையை நிறுத்தி, இருபது அடி தள்ளி நின்று படம் எடுத்தேன். வேண்டுமென்றே மங்கலாக எடுக்க நினைத்தேன். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது என்பதால் அந்தச் சிரமம் வேண்டியிருக்கவில்லை. ஓரத்தில் வெள்ளையாக நுரை விழுந்துவிட்டது, சோப்பு நுரை. அதைப் பார்த்த ஒரு பேராசிரியர் 'சதுப்பு நிலத்துக்கே உரிய இயற்கை நுரை' என்று எழுதினார். படித்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

ஓடுதளம் நின்றது. கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் 'அற்றுப்போனது' என்பதை எடுத்துவிட்டு எட்டு வரி எழுதினார்கள். கண் சிவப்பு என்று போட்டு, ஆதாரத்துக்கு என் படத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டினார் மேனேஜர். எனக்குப் 'பறவை ஐயா' என்று பேர் வந்தது. அதுவரை 'ஏய், இந்தாப்பா' என்றுதான் இருந்தேன். அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டேன். என் மனைவி கல்யாணமாகி முதல்முறையாக, நான் பேசும்போது கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அதன் பிறகு வந்த சிக்கல் நியாயமானது. ஊமைக்கோழியைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், காட்டுவதற்கு என்னிடம் ஊமைக்கோழி இல்லை. பஞ்சடைத்ததைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வகையில் கரையான் எனக்கு ஒத்தாசைதான். பார்க்க முடியாவிட்டாலும் கேட்கவாவது வைக்கலாமே என்று நினைத்தேன். ஊமைக்கோழிக்குக் குரல் ஏது என்றால், ஊமை என்று பேர் வைத்த பெரியவர்களுக்குக் காது மந்தம் என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவியின் தம்பிதான் விடுதியின் படகோட்டி. வெள்ளை மனசு. காட்டைக் காப்பாற்றத்தான் இது என்று சொன்னேன், நம்பினான். விருந்தினர்களுக்கு அவசரத்துக்கென்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் விசில் கொடுப்போம். அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, உள்ளே உருளும் மணியை நீக்கி அவனிடம் கொடுத்தேன். நான் கூட்டத்தோடு இக்கரையில் நிற்பேன், அவன் எதிர்க்கரைப் புதருக்குள் இருந்துகொண்டு கையால் பொத்தி ஊதுவான். சின்னதாக மூன்று. ஏன் மூன்று என்று ஒரு நாள் கேட்டான். அவசரத்துக்கு மூன்று முறை ஊத வேண்டும் என்று விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய வாய்க்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கற்பனை எனக்கு அவ்வளவுதான்.

பத்து வருஷம் இப்படி ஓடியது. யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோரும் சந்தோஷமாகப் போனார்கள்.

போன மாதம் ஆறு பேர் வந்தார்கள். ஒரு டாக்டர் தம்பதி, ஒரே பாங்கில் வேலை பார்க்கும் மூன்று நண்பர்கள், தனியாக வந்த ஓய்வுபெற்ற ஓர் அம்மா. அறுபத்தெட்டு வயது. கையில் மடக்கு ஸ்டூல், இடுப்பில் ஒரு பை, பைக்குள் ஒரு நோட்டு, பென்சில். மியூசியத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்ததாகச் சொன்னார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. விருந்தினர் பாதுகாப்புக்காக முதல் நாள் ஒரு படிவம் வாங்குவோம். முழங்கால் வலி உண்டு, நீச்சல் தெரியாது என்று அதில் அவர் கையாலேயே எழுதியிருந்தார். படிவங்களை நான் கவனமாகப் படிப்பேன்.

மூன்றாம் நாள் காலை மற்றவர்கள் சாப்பிட வருவதற்கு முன் அவர் மட்டும் கூடத்தில் நின்று என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனார்.

"தம்பி, இது நீங்க எடுத்த படமா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும்மா. அப்புறம் ஓடிடுச்சு."

"ஓடியிருக்காதுப்பா," என்றார். "ரெண்டு கால்லயும் கம்பி வச்சுப் பலகையில அடிச்சிருக்கேன்."

இதை அவர் நாற்காலியில் உட்காரச் சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மியூசியத்தில் அவர் பார்த்த வேலை செத்த பறவைக்கும் விலங்குக்கும் பஞ்சடைப்பது. பழைய தோலாகக் கிடந்த அந்தக் கோழிக்கு, எலி தின்ற நடுவிரலை மெழுகில் செய்து ஒட்டியதையும், அது தன் கட்டைவிரல் பட்டு வளைந்ததையும் படத்தில் தொட்டுக் காட்டினார்.

"கண்ணு என்ன நிறம்னு அப்ப யாருக்குமே தெரியாது. என்கிட்ட சிவப்பு மணி மிச்சம் இருந்துச்சு, வச்சுட்டேன். அதைப் பார்த்து புத்தகத்துலயே சிவப்புன்னு போட்டுட்டாங்களே. நம்ம ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்கதான்."

நான் மேஜையில் இருந்த தட்டுகளை நேராக்கினேன். பேசத் தெரியாத நேரம் எனக்கு அபூர்வம்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார். "பயப்படாதீங்க. ஆனா நீங்க சொல்லணும் தம்பி. உண்மையாத் தேடுறவங்க தப்பான அடையாளத்தை வச்சுக்கிட்டுத் தேடுவாங்கல்ல? நாங்க ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள சொல்லிடுங்க. நான் வேணா பக்கத்துல நிக்கிறேன்."

சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மிரட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இரண்டும் எனக்குப் பழக்கம். பரிதாபப்பட்டுத் தட்டிக்கொடுத்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தொப்பியோடு நின்ற என்னை அவர் பெட்டி தூக்குகிறவனாகப் பார்த்துவிட்டார்.

ஒரு மணி நேரம் யோசித்தேன். உண்மை வெளியே வந்தால் காட்டின் கதி என்ன என்று யோசித்தேன். இதை நான் அப்போதே, அந்த வார்த்தைகளிலேயே யோசித்தேன் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பிறகு அவர் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

"நீங்க சொன்னது சரிம்மா. சொல்லிடறேன். ஆனா படம்தான் பொய், பறவை பொய் இல்லை. திட்டுல ஒரு ஜோடி இருக்கு. நான் யாருக்கும் காட்டினதில்லை. உங்களுக்கு மட்டும் காட்டறேன்."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. அறுபத்தெட்டு வயது எங்கே போனதென்று தெரியவில்லை.

"உயிரோடயா?" என்றார். "என் கைக்கு வந்ததெல்லாம் செத்ததுதாம்ப்பா."

திட்டு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஒரு மணல் மேடு. தண்ணீர் வற்றியிருக்கும்போது பத்து நிமிஷத்தில் நடந்து போகலாம். நடுவில் கொஞ்சம் உயரமாக ஒரு நாணல் புதரும் நாலு சதுப்பு மரக் கன்றுகளும் உண்டு. தண்ணீர் ஏறினால் முதலில் வழி மூடும், பிறகு மேடு மூடும். முழு ஏற்றத்தில் அங்கே ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். விடுதி வாசலில் உள்ள பலகையில் தினமும் ஏற்றமும் வற்றமும் எத்தனை மணிக்கு என்று எழுதுவது என் வேலை. அன்றைக்கும் மறுநாளும் நேரம் தோதாக இல்லை. அதனால் காத்திருந்தேன். ஆத்திரத்தில் செய்தது என்று எழுத வேண்டாம். எனக்கு அவ்வளவு வேகம் கிடையாது.

ஐந்தாம் நாள் விடியும்போது அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஈர மணலில் முழங்கால் வலிக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். புதருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலமாகக் கொடுத்தேன். அசையாமல் இருக்க வேண்டும், பறவை எட்டு மணிக்கு மேல்தான் வரும், தண்ணீர் பதினொன்றுக்குத்தான் ஏறும், ஒன்பதரைக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். தண்ணீர் ஏழு மணிக்கே ஏற ஆரம்பிக்கும். அன்றைக்குப் பலகையில் சரியான நேரத்தைத்தான் எழுதியிருந்தேன். வேலையில் நான் பொய் சொன்னதில்லை.

"நீங்களும் இருங்களேன்," என்றார்.

"அங்க மத்தவங்க காத்துக்கிட்டிருப்பாங்கம்மா."

"அதுவும் சரிதான். வெயில் ஏறுது, தொப்பியப் போட்டுக்கிட்டுப் போங்க."

தொப்பி கையில் இருந்தது. போட்டுக்கொண்டேன்.

சாப்பாட்டு மேஜையில், அந்த அம்மாவுக்குத் தலைவலி, படுத்திருக்கிறார், எழுப்ப வேண்டாம் என்றேன். டாக்டர் மாத்திரை வேண்டுமா என்று கேட்டார். கொடுத்தாகிவிட்டது என்றேன். எட்டு மணிக்கு ஐந்து பேரையும் படகில் ஏற்றினோம். மச்சினன் ஓட்டினான். வளைகுடாவின் மறுபக்கம் ஒரு பாறை இருக்கிறது, அதில் ஆலாக்கள் கூடு கட்டும். அங்கிருந்து பார்த்தால் காடு மறைத்துக்கொள்ளும், திட்டு தெரியாது. அன்று நான் ஆலாக்களைப் பற்றி நன்றாகவே பேசினேன். எவ்வளவு தூரம் பறந்து வருகின்றன, தங்கள் முட்டையை எப்படி அடையாளம் கண்டுகொள்கின்றன என்றெல்லாம் சொன்னேன்.

எட்டே முக்காலுக்குத் தண்ணீருக்கு மேலே அந்தச் சத்தம் வந்தது. சின்னதாக மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

உண்மையைச் சொன்னால், அதை நான் எதிர்பார்க்கவில்லை. படிவத்தைப் படித்தேன், ஏற்றத்தைக் கணக்குப் போட்டேன், தலைவலி வரை யோசித்தேன். முதல் நாள் நானே அவர் கழுத்தில் மாட்டிய விசிலை மறந்துவிட்டேன். குற்றம் செய்வதிலும் நான் பெட்டி தூக்குகிறவன்தான்.

டாக்டரின் மனைவி சட்டென்று நிமிர்ந்தார். "அது என்ன சத்தம்?"

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக எந்தச் சத்தம் கேட்டாலும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் தயங்கிப் பழகியவன் இல்லை.

"ஊமைக்கோழி," என்றேன், தாழ்ந்த குரலில். "அசையாதீங்க."

பாங்க் நண்பர்களில் ஒருவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மச்சினன் துடுப்பை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தான். எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினான்.

"அத்தான், நான் இங்கதானே இருக்கேன். அப்ப ஊதுறது யாரு?"

"யாரும் ஊதலடா. பறவைதான்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. பத்து வருஷமாகப் பொய்க்கு ஊதினவன், நம் பொய் உண்மையாகிவிட்டது என்று நினைத்துவிட்டான், பாவம்.

டாக்டர் கேட்டார், "கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாமா? படகுல போனா பத்து நிமிஷம்கூட ஆகாது போலிருக்கே."

ஆகாது. ஏழு நிமிஷம். அந்த இடத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். இருந்தது. நான் ஐந்து பேரின் முகத்தையும் பார்த்தேன். யாரும் என்னை இவ்வளவு நம்பிப் பார்த்ததில்லை.

"கூடு கட்டுற நேரம் சார். கிட்டப் போனா பயந்து கூட்டை விட்டுட்டுப் போயிடும். தூரத்துலேர்ந்து கேட்கறதுதான் அதுக்கு நாம காட்டற மரியாதை."

டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நல்ல மனிதர். நடுவில் நீண்ட நேரம் சத்தமே இல்லை, முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி கேட்டது, இந்த முறை வேகமாக, எண்ண முடியாதபடி. துணை தேடும்போது அப்படித்தான் கூப்பிடும் என்றேன். பத்தே காலுக்கு நின்றது. அடங்கிவிட்டது என்றேன். ஐந்து பேரும் தங்கள் பட்டியலில் ஊமைக்கோழிக்கு நேரே 'குரல் மட்டும்' என்று எழுதி, என் கையைக் குலுக்கினார்கள்.

மத்தியானம் அவர் அறையில் இல்லை என்று தெரிந்ததும் தேடச் சொன்னவன் நான். முன்னால் நின்று தேடியவனும் நான். தொண்டை கட்டும்வரை அவரைக் கூப்பிட்டேன். அது நடிப்பில்லை, தொண்டை நிஜமாகவே கட்டிவிட்டது. மறுநாள் காலை மச்சினன்தான் சதுப்பு மர வேர்களுக்கு நடுவே அவரைக் கண்டுபிடித்தான். விசில் பல்லுக்கு நடுவே கடித்தபடி இருந்தது.

அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அன்றிலிருந்து அவன் என்னை அத்தான் என்று கூப்பிடுவதில்லை. எதுவும் சொல்லியே கூப்பிடுவதில்லை.

உங்கள் ஏட்டு வந்தார், படிவத்தைப் பார்த்தார். வயதானவர், நீச்சல் தெரியாது, தனியாகப் போயிருக்கிறார், விபத்து என்று எழுதிக்கொண்டு, இவ்வளவு சிரமப்பட்டுத் தேடியதற்கு எனக்கு நன்றியும் சொன்னார். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

அதற்கு மூன்றாம் நாள் மச்சினன் என் வீட்டுக்கு வந்து மேஜைமேல் ஒரு நோட்டை வைத்துவிட்டுப் போனான். அந்த அம்மாவின் இடுப்புப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஓரம் மட்டும் நனைந்திருந்தது. இப்போது உங்கள் முன்னால் இருப்பது அதுதான். கடைசிப் பக்கத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். எனக்கு மனப்பாடம்.

'8.10. மேற்குப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது. தம்பி பதினொன்று என்றார். நேரம் மாறிச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.'

'8.40. வந்த வழி மூடிவிட்டது. விசில் ஊதுகிறேன்.'

'9.05. ஊமைக்கோழி. இரண்டு. தண்ணீர் ஏறுவதால் அவையும் மேட்டுக்கு வந்துவிட்டன. என் ஸ்டூலுக்கு நான்கு அடி. கண் மஞ்சள், நான் வைத்தது தப்பு. கால் பச்சை, வால் நடக்கும்போது ஆடுகிறது. குரலே இல்லை, பேர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் ஊதினால் மிரள்கின்றன. அதனால் கொஞ்ச நேரம் ஊதாமல் இருந்தேன்.'

'9.40. ஸ்டூல்மேல் நிற்கிறேன். இரண்டும் மரக் கன்றில் ஏறிவிட்டன. தம்பி சொன்னது உண்மை. அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது.'

அதன்கீழே ஒரு படம் போட்டிருக்கிறார். தண்ணீரில் நின்றுகொண்டு போட்ட படம். நகம்கூடத் தப்பில்லை.

ஒன்பது நாள் அந்த நோட்டை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே இங்கே வந்தேன். மூடிய கோப்பைத் திறக்க வந்த முதல் ஆள் நான்தான் என்றீர்கள். மனசாட்சி என்று என் மனைவி நினைக்கிறாள். அவள் அப்படி நினைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

காரணம் அதைவிட எளிது. அறுபது வருஷத்தில் அந்தப் பறவையை உயிரோடு பார்த்த ஒரே ஆள் அவர். ஆனால் அவர் எழுதிய கண் மஞ்சள், புத்தகத்தில் இருக்கும் கண் சிவப்பு. அவர் குரல் இல்லை என்கிறார், பத்து வருஷமாக வந்தவர்கள் எல்லோரும் கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால், வயதான அம்மா பயத்தில் வேறு எதையோ பார்த்துவிட்டாள் என்பார்கள். அரிய பறவையைப் பார்த்ததாக யார் சொன்னாலும் சரிபார்க்கும் பறவைப் பதிவுக் குழுவினர் சும்மா விட மாட்டார்கள். ஏற்ற நேரத்தில் திட்டில் எப்படி இருந்தார், யார் கூட்டிப்போனது, எத்தனை மணி, என்ன தூரம் என்று எல்லாம் கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் என் ஒருவனிடம்தான் இருக்கிறது.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "அந்தக் காட்டைச் சரணாலயம்னு அறிவிச்சு நாலு வருஷம் ஆச்சே. உன் படம் பொய்னு தெரிஞ்சாலும் இனிமே ஒரு மரத்தை யாரும் வெட்ட முடியாது. அப்புறம் எதைக் காப்பாத்த அந்த அம்மாவை அங்க விட்டுட்டு வந்தே?" வேலியில் அந்த அறிவிப்புப் பலகையை அடித்தவனே நான்தான், ஐயா. தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன். உங்கள் கேள்விக்கு ராத்திரி முழுக்க யோசித்தும் பதில் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

மற்றதை எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் எப்போது ஏறும் என்று தெரிந்தே அவரை அங்கே உட்கார வைத்தேன். அவர் சாக வேண்டும் என்றுதான் விட்டுவிட்டு வந்தேன். உதவிக்கு அவர் ஊதியது ஒன்றரை மணி நேரம் என் காதில் விழுந்தது. அதைப் பறவை என்று சொல்லி, போயிருக்கக்கூடிய ஐந்து பேரைத் தடுத்தேன். மச்சினனுக்கு எதுவும் தெரியாது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன்.

இன்னொரு காகிதமும் கொண்டுவந்திருக்கிறேன். இது உங்கள் இலாகா இல்லை, பறவைப் பதிவுக் குழுவுக்குப் போக வேண்டியது. வாக்குமூலத்தின் நகலோடு சேர்த்து அனுப்பினால் நல்லது. பறவை, இடம், நாள், நேரம், கண்டவர் என்று வரிசையாக எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். கண்டவர் என்ற இடத்தில் அந்த அம்மாவின் பேரைத்தான் எழுதியிருக்கிறேன், அதில் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. அதன்கீழே 'உடன் இருந்த வழிகாட்டி' என்று ஒரு வரி இருக்கிறது. அன்று காலை அவரை அங்கே கூட்டிப்போனது நான்தான் என்று இப்போது சட்டப்படியே பதிவாகிவிட்டதால், அந்த வரியில் என் பேரை எழுதுவதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.